பாளையங்கோட்டை வம்சாவளிக் கூட்டத்துக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்?

களக்காட்டுப் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் பாளையங்கோட்டையில ரெண்டு நாள் நடக்கிற வம்சாவளி ஆர்வலர் கூட்டத்துக்குப் பேர் குடுத்திருக்கேன். இந்த மாதிரி கூட்டத்துக்குப் போறது இதுதான் முதல் தடவை. நான் பிறந்து வளர்ந்தது அம்பத்தூர்ல. அப்பா வழி களக்காடு. அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு. அவங்க இருக்கும்போது கேக்காம விட்டதெல்லாம் இப்போதான் உறுத்துது.

கையில இருக்கிறது: ஒரு டிரங்குப் பெட்டி நிறைய காகிதம். தாத்தா பேர்ல தீர்வை ரசீது, நாலஞ்சு கல்யாணப் பத்திரிகை, ஒரு பழைய ஒத்திப் பத்திரம் (நிலத்தை அடமானம் வச்சு எழுதினது), ஆச்சியோட சுருள் நோட்டு, அதாவது மொய் நோட்டு, ரெண்டு. ஆச்சி இன்னும் களக்காட்டுலதான் இருக்காங்க, வயசு தொண்ணூறைத் தாண்டிருச்சு. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் நல்லா இருக்கு.

தாத்தாதான் 1940-கள்ல நாஞ்சில் நாட்டுப் பக்கமிருந்து களக்காட்டுக்கு வந்து நிலம் பிடிச்சதா வீட்ல சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி எந்த ஊர்ங்கறதுதான் என் கேள்வி. பெட்டியை அப்படியே தூக்கிட்டுப் போகலாமா? லேப்டாப் வேணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழைய வருவாய்க்காரன்:

வாம்மா. நான் வருவாய்த் துறையில முப்பது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். பெட்டியை எடுத்துட்டு வராதே. ரயில்லயும் லாட்ஜ்லயும் மூலக் காகிதம் தொலைஞ்சா திரும்ப வராது. எல்லாத்தையும் முன்னும் பின்னும் போட்டோ எடு. பின்பக்கத்தை விட்டுராதே, பாதிச் சங்கதி அங்கதான் இருக்கும். கூட்டத்துக்கு ஒரே ஒரு தாள் கொண்டு வா. அதுல ஒரு கேள்வி, ஒரு ஊர், ஒரு ஆள், ஏறக்குறைய எந்த வருஷம்னு இருக்கட்டும். "எங்க குடும்பத்தைப் பத்தி எல்லாம் தெரியணும்"னு வந்து நிக்கிறவங்களுக்கு யாராலயும் உதவ முடியாது.

அடுத்தது, எந்த ஊர் எந்தக் காலத்துல எந்த ஜில்லாவுல இருந்ததுன்னு பார்த்துக்கணும். இது தெரியாம தப்பான ஆபீஸ் வாசல்ல நாள் கணக்கா உக்காந்தவங்களை நான் பார்த்திருக்கேன். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் எல்லாம் 1910 வரைக்கும் திருநெல்வேலி ஜில்லா. அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லா உண்டாக்கினப்ப அங்க போச்சு. செங்கோட்டை 1949 வரைக்கும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1-லதான் நம்ம பக்கம் சேர்ந்தது. அதுக்கு முந்தின சமாசாரத்துக்கு திருவனந்தபுரம் பக்கம்தான் பார்வை போகணும். தூத்துக்குடி பிரிஞ்சது 1986 அக்டோபர்ல, தென்காசி 2019 நவம்பர்ல. உங்க களக்காடு நாங்குநேரி தாலுகா, அந்த மட்டுக்கும் உனக்குச் சிக்கல் இல்லை.

சென்னையிலயே இருக்கிறதால இன்னொண்ணு. உங்க நிலம் இனாம் நிலமா, அதாவது வரி இல்லாமலோ குறைச்சோ மானியமா விட்ட நிலமா இருந்திருந்தா, எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இனாம் பதிவேடு இருக்கு. 1858-ல ஆரம்பிச்ச இனாம் கமிஷன் ஊர் ஊரா விசாரிச்சு எழுதினது. யார் அனுபவிச்சாங்க, அவருக்கு எப்படி வந்ததுங்கற விவரம் கிடைக்கும். ஊருக்குக் கிளம்புமுன்ன அங்க ஒரு நாள் போயிட்டு வா.

அந்த ஒத்திப் பத்திரத்துல தேதி என்ன போட்டிருக்கு?

நாசரேத் வாசி:

நம்மள்ல கிறிஸ்தவக் குடும்பங்களும் இந்தக் கூட்டத்துக்கு நிறைய வருவாங்க, அவங்களுக்காக எழுதுறேன். நமக்குப் பெரிய கொடுப்பினை சபை ரிஜிஸ்டர். முதலூர் 1799-ல உண்டான கிறிஸ்தவ ஊர். மிஷனரி ரேனியஸ் ஐயர் (போதகரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம்) பாளையங்கோட்டையில வேலை தொடங்கினது 1820-ல, கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்தது 1841-ல. அந்தக் காலத்து ஞானஸ்நான, விவாக, அடக்க ரிஜிஸ்டர் பல சேகரங்கள்ல, அதாவது ஒரு போதகருக்குக் கீழ இருக்கிற சபைகள்ல, இன்னும் இருக்கு. ஆனா வாசல்ல போய் நின்ன உடனே எடுத்துத் தரமாட்டாங்க, தரவும் கூடாது. கூட்டத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே சேகரத்து ஐயருக்கு ஒரு கடிதாசி போடுங்க. இந்தப் பெயர், இந்த வருஷத்துலேருந்து இந்த வருஷம் வரைக்கும்னு குறிப்பா எழுதுங்க.

முதல் தலைமுறையில ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்குப் பேர் மாறியிருக்கும். ஊர்ல மாடசாமியா இருந்தவர் ரிஜிஸ்டர்ல தேவசகாயமா இருப்பார். சில எழுத்தர்கள் பூர்வ பேரையும் பக்கத்துல குறிச்சிருப்பாங்க, சிலர் குறிக்கல. பேரை மட்டும் வச்சுத் தேடினா வழி அடைச்சுக்கும். ஊரையும், தகப்பன் பேரையும், சாட்சியா நின்னவங்களையும் சேர்த்துப் பிடிக்கணும்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போறவங்க எழுத்து தெரியணும்னு சுண்ணாம்பையோ சாக்பீஸையோ கல்லுல தேய்க்காதீங்க. காலையில ஏழு ஏழரைக்கு வெயில் சாய்வா விழும்போது போட்டோ எடுத்தா மங்கின எழுத்தும் நிழல் கட்டி எழும்பும். எங்க பூட்டி கல்லுல இருந்த வருஷத்தை நான் அப்படித்தான் வாசிச்சேன். நாலு தடவை மத்தியானம் போய் ஒண்ணும் தெரியாம திரும்பியிருக்கேன்.

களக்காட்டுப் பேத்தி:

அண்ணாச்சி, ஒத்திப் பத்திரத்துல தேதி முழுசாப் புரியல. 'விய வருஷம் தை மாசம்'னு தெரியுது. விய வருஷம்னா 1946-47ன்னு பஞ்சாங்கத்துல பார்த்தேன், தாத்தா வந்த காலத்தோட சரியா ஒத்துப் போச்சு. எழுதிக் குடுத்தவர் பேரும் 'சுடலைமுத்து குமாரர் இசக்கிமுத்து'. அதுதான் தாத்தா பேரும் அவங்க அப்பா பேரும்.

ஆனா அதுக்கு முன்னாடி 'கொல்லம்'னு இருக்கு. பிறகு வால் சுத்தின மாதிரி ஒரு எழுத்து, அடுத்து 'சுயஉ'. பெரியப்பா அதை 'சுய'ன்னு வாசிச்சு, "சுயமா எழுதிக் குடுத்ததுன்னு அர்த்தம்"னு சொன்னாங்க. கொல்லம்கறது தாத்தா வந்த ஊரா இருக்குமோன்னு எனக்கு ஒரு யோசனை. அதனாலதான் நாஞ்சில் நாட்டுக் கதையை நம்பினேன்.

சங்கரன்கோவில் டீச்சர்:

கொல்லம் இங்க ஊர் இல்லம்மா, ஆண்டு! 'சுயஉ'ங்கறதும் எழுத்து இல்ல, தமிழ் எண்.

வால் சுத்தின எழுத்து ௲, அது ஆயிரம். 'சு' மாதிரி இருக்கிறது ௬, அது ஆறு. 'ய' மாதிரி இருக்கிறது ௰, அது பத்து. 'உ' மாதிரி இருக்கிறது ௨, அது ரெண்டு. ௲௬௰௨. ஆயிரத்து ஆறு பத்து ரெண்டு, அதாவது 1062.

நம்ம திருநெல்வேலிச் சீமையில பத்திரம், ஓலை, கோயில் கணக்கு எல்லாத்துலயும் கொல்லம் ஆண்டு போடுறது வழக்கம். ஆவணி ஒண்ணாம் தேதி ஆண்டு மாறும். ஆவணியிலேருந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரியிலேருந்து ஆடி முடிய 825. உங்களுக்குத் தை மாசம், அதனால 1062-ஓட 825 கூட்டுங்க.

களக்காட்டுப் பேத்தி:

1887!

இருங்க. அப்போ விய வருஷம்?

சங்கரன்கோவில் டீச்சர்:

அதுவும் சரியா நிக்குது. விய வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 1826, 1886, 1946, 2006. 1886 சித்திரையில ஆரம்பிச்ச விய வருஷத்தோட தை மாசம் 1887 ஜனவரியிலதான் வரும். கொல்லம் ஆண்டும் தமிழ் வருஷமும் ஒண்ணையொண்ணு தாங்கிப் பிடிக்குது. வெறும் வருஷப் பேரை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா அறுபது வருஷம் தவறிப் போகலாம்.

பழைய வருவாய்க்காரன்:

டீச்சர் சொன்னது சரி. ஆனாலும் ஒரே சாட்சியை வச்சு முடிவு கட்டக் கூடாது. ஏம்மா, அந்த முத்திரைத்தாளுக்கு மேல யார் தலை இருக்கு? ஆம்பளையா, பொம்பளையா? ஒத்தித் தொகை எவ்வளவு? பின்பக்கம் ரிஜிஸ்டர் ஆபீஸ் முத்திரை இருக்கா?

களக்காட்டுப் பேத்தி:

பொம்பளை தலை, அண்ணாச்சி. கிரீடம் இருக்கு. தொகை அறுபது ரூபாய். பின்பக்கம் முத்திரை ஒண்ணும் இல்ல, சாட்சிக் கையெழுத்தும் ரெண்டு கீறலும்தான்.

பழைய வருவாய்க்காரன்:

விக்டோரியா ராணி. 1946-ல எழுதியிருந்தா ஆறாம் ஜார்ஜ் தலை இருந்திருக்கும். அந்தக் காலத்துல நூறு ரூபாய்க்குக் குறைஞ்ச ஒத்தியைப் பதிவு பண்ணியே ஆகணும்னு கட்டாயமில்ல, அதனால பின்பக்கம் முத்திரை இல்லாததும் பொருந்துது. இது உங்க தாத்தா எழுதினது இல்ல தாயி. உங்க தாத்தாவோட தாத்தா எழுதினது. உனக்கு ஓட்டன் முறை.

சங்கரன்கோவில் டீச்சர்:

இந்தத் தப்பு நம்ம ஊர்ல ஏன் இவ்வளவு சுலபமா நடக்குதுன்னு சொல்றேன். மூத்த பையனுக்குத் தாத்தா பேரு வைக்கிறோம். பேர் மறுபடி வர்றதாலதான் அவன் பேரன். அதனால 'சுடலைமுத்து மகன் இசக்கிமுத்து'ங்கற ஆள் ரெண்டு தலைமுறைக்கு ஒருக்க அதே பேரோட, அதே அப்பா பேரோட, அதே நிலத்துல நிப்பார். ரெண்டு தலைமுறைங்கறது ஏறக்குறைய அறுபது வருஷம். தமிழ் வருஷச் சக்கரமும் அறுபது வருஷம். பேரும் திரும்பி வருது, வருஷமும் திரும்பி வருது. தாத்தாவையும் அவர் தாத்தாவையும் ஒரே ஆளாக்கிடுறோம், நடுவுல ரெண்டு தலைமுறை காணாமப் போயிடுது. நான் பார்த்த வம்சாவளிப் படங்கள்ல பாதிக்கு மேல இந்த ஓட்டை இருந்தது.

இன்னொண்ணு, இந்தப் படங்கள்ல பொம்பளைங்க பேரே இருக்காது. அதுக்கு உங்க ஆச்சியோட சுருள் நோட்டுதான் மருந்து. சுருள் வச்சவங்க பேருக்குப் பக்கத்துல ஊர் இருக்கும். எந்தப் பொண்ணு எந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனா, தாய்மாமன் எந்த ஊர்லேருந்து வந்து வச்சார்னு வரிசையாத் தெரியும். ஊர் வாரியா ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. அடிக்கடி வர்ற மூணு நாலு ஊரு உங்க குடும்பம் பொண்ணு எடுத்துப் பொண்ணு குடுத்த வட்டம்.

அடுத்தது கொடை வரி நோட்டு. உங்க அம்மன் கோயிலுக்கோ சுடலைக்கோ கொடைத் திருவிழா நடக்கும்போது தலைக்கட்டு வாரியா, குடும்பம் குடும்பமா, வரி எழுதுவாங்க இல்லையா, அந்த நோட்டுப் பழசு யார் வீட்லயாவது பரண்ல கிடக்கும். புது வரி எப்போ சேர்ந்தது, எந்த வரி நின்னு போச்சுன்னு பார்த்தாலே அண்ணன் தம்பி எப்போ பிரிஞ்சாங்கன்னு தெரியும். பங்குனி உத்திரத்துக்கு எந்த சாஸ்தா கோயிலுக்கு, அதாவது உங்க குலதெய்வக் கோயிலுக்கு, போறீங்க? அங்க உங்களோட சேர்ந்து பொங்கல் வைக்கிற குடும்பங்கள் யார் யாரு? சாஸ்தா தெரியாதவங்க காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அதுவே பெரிய அடையாளம்.

ஆச்சிகிட்ட வருஷம் கேக்காதீங்க. "காந்தியைச் சுட்டப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?", "மணிமுத்தாறு அணை கட்டும்போது அப்பா பிறந்தாச்சா?"ன்னு கேளுங்க. பதில் கரெக்டா வரும்.

காயல்காரன்:

எங்க காயல்பட்டினத்துல கல்யாணம் ஆனா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போவார். வீடு பொண்ணுக்கு இறங்கும். அதனால வாப்பா வழியை மட்டும் தேடினா ஒவ்வொரு தலைமுறைக்கும் வேற வேற வீட்டு வாசல்ல போய் நிப்போம். உம்மா, உம்மும்மான்னு பொம்பளை வழியாப் போனா ஒரே வீட்டுக்குள்ள நாலஞ்சு தலைமுறை கிடைக்கும். ஜமாஅத் நிக்காஹ் தப்தர்லயும் (கல்யாணப் பதிவேடு) வீட்டுப் பேரைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கணும். பழைய காகிதம் அரபுத்தமிழ்ல இருந்தா, அதாவது அரபு எழுத்துல தமிழ் எழுதியிருந்தா, அரபிதானேன்னு ஒதுக்கி வைக்காம கூட்டத்துக்குப் போட்டோ கொண்டு வாங்க. வாசிக்கத் தெரிஞ்ச பெரியவங்க இன்னும் இருக்காங்க.

கடல்தாண்டி:

சிங்கப்பூர்லேருந்து எழுதுறேன். எங்ககூட வேலை பார்க்கிற ஒருத்தர் டர்பன்ல பிறந்தவர், தமிழ் பேச வராது. அவரும் இந்தக் கூட்டத்துக்கு வரப் போறார். அவரோட பூட்டன் தென்னாப்பிரிக்காவுல இருக்கிற நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாப் போனவர். கப்பல் பட்டியல் நகல் வச்சிருக்கார். ஜில்லா திருநெல்வேலின்னு இருக்கு, தாலுகா 'தென்கரை'ன்னு இருக்கு. இப்போ அப்படி ஒரு தாலுகாவே இல்லையே? ஊர்ப் பேரும் ஆங்கில எழுத்துல கன்னாபின்னான்னு இருக்கு.

பழைய வருவாய்க்காரன்:

இருந்தது தம்பி. தாமிரபரணிக்குத் தென்கரைன்னு வச்ச பேரு. பழைய திருநெல்வேலி ஜில்லாவுல அப்படி ஒரு தாலுகா உண்டு. இன்னைக்கு ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் பக்கமா தேடணும். சங்கரன்கோவிலும் பழைய கடுதாசியில சங்கரநயினார்கோயில்னுதான் இருக்கும்.

ஊர்ப் பேரை எழுத்தா வாசிக்காதீங்க. வாய்விட்டுச் சொல்லுங்க, வேகமா, நம்ம ஊர்க்காரர் சொல்ற மாதிரி. போறவர் சொன்னதைக் காதுல வாங்கி, தமிழ் தெரியாத எழுத்தர் எழுதினது அது. சேரன்மகாதேவியை ஷெர்மாதேவின்னு எழுதினவங்கதானே. புதுக்குடி, புதூர், புதுக்குளம் மாதிரி பேரா இருந்தா ஜாக்கிரதை, ஒரு தாலுகாவுக்குள்ளயே ஒண்ணுக்கு மேல இருக்கும். நேட்டாலுக்கு முதல் கப்பல் சென்னையிலேருந்து போனது 1860-ல, கடைசி 1911-ல. அவர் போன வருஷம் தெரிஞ்சா அதுக்கேத்த பழைய தாலுகா வரைபடத்தை வச்சுப் பார்க்கலாம். அவரைக் கூட்டத்துல எங்கிட்ட கூட்டிட்டு வரச் சொல்லுங்க.

பொருநைக்கரையான்:

எல்லாரும் போட்டோ எடுங்கன்னு சொல்றீங்க, நான் ஏன்னு சொல்றேன். 2023 டிசம்பர் 17 ராத்திரி எங்க தெருவுக்குள்ள ஆத்துத் தண்ணி வந்துச்சு. ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்க ஊரு. ஆளுங்களை மாடிக்கு ஏத்தினோம், அரிசியை ஏத்தினோம், அப்பாவோட பெட்டி நினைப்புக்கே வரல. மூணாம் நாள் திறந்தா ஒரே பாளமா ஒட்டிப் போயிருந்துச்சு. அவசரத்துல மொட்டை மாடியில வெயில்ல காயப் போட்டோம். அப்பளம் மாதிரி நெளிஞ்சு, தொட்டா ஒடிஞ்சுது. தாத்தா கையெழுத்து இருந்த பாகப்பிரிவினைக் காகிதத்துல நீல மை முழுக்கக் கரைஞ்சு தண்ணிக் கறையாத்தான் இருக்கு.

பிறகுதான் விவரம் தெரிஞ்சவங்க சொன்னாங்க. வெயிலே ஆகாது. நிழல்ல, காத்தாடிக்குக் கீழ, வெள்ளைத் தாளை நடுநடுவுல வச்சு, அதை மாத்தி மாத்திக் காய வைக்கணும். நிறைய இருந்து உடனே பிரிக்க முடியலன்னா பிளாஸ்டிக் பையில போட்டு பிரிட்ஜ் உறைபெட்டியில வச்சா பூஞ்சை பிடிக்காது, பொறுமையா ஒவ்வொண்ணா எடுத்துப் பிரிக்கலாம். கூட்டம் வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்கே எடுங்க, எடுத்ததை வேற ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கும் ஒரு நகல் அனுப்பி வைங்க.

களக்காட்டுப் பேத்தி:

படிச்சுட்டு ராத்திரியே உக்காந்து எல்லாத்தையும் எடுத்துட்டேன், முன்னும் பின்னும். மொத்தம் 143 படம். அண்ணனுக்கும் சித்தி மகளுக்கும் அனுப்பியாச்சு.

ஒத்திப் பத்திரத்தைப் பெரிசு பண்ணி மெதுவா வாசிச்சேன். நிலத்துக்கு நாலு மாலும், அதாவது நாலு பக்க எல்லையும், சொல்லியிருக்கு. கீழ்மால் வாய்க்கால், தென்மால் கோயில் நிலம், மேல்மால் வண்டிப் பாதை. வடமால் 'மேற்படியான் தம்பி' நஞ்சைன்னு இருக்கு, பேரும் இருக்கு. ஓட்டனுக்குத் தம்பி இருந்ததா வீட்ல யாரும் சொன்னதே இல்ல.

இன்னைக்குக் காலையில ஆச்சிக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா போனைக் காதுகிட்ட பிடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பேரைச் சொன்னதும் ஆச்சி கொஞ்ச நேரம் பேசல. பிறகு, "அது வடக்கு வீடுல்லா, மக்கா. நான் வாக்கப்பட்டு வரும்போதே அங்கன ஆளு கிடையாது, வெறும் மனைதான் கிடந்துச்சு. சிலோனுக்குப் போனாவன்னு எங்க மாமியா சொல்லுவாவ. கொடைக்கு அவுக வரியையும் நம்ம வீட்லதான் குடுக்கணும்னு குடுத்துட்டு வந்தாவ"ன்னு சொன்னாங்க. ஆச்சிகிட்ட இதை இவ்வளவு வருஷமா யாருமே கேக்கல.

சங்கரன்கோவில் டீச்சர்:

படிக்கும்போது மேல் புல்லரிக்குது. அப்போ வரி நோட்டுல அந்த வீடு ரெண்டாவது வரியா நிச்சயம் இருக்கும். கோயில் கணக்கு எழுதின குடும்பம் எதுன்னு ஆச்சிகிட்ட கேட்டு வைங்க.

பழைய வருவாய்க்காரன்:

நாலு மாலையும் வாசிச்சியே, அதுக்கே உன்னைப் பாராட்டணும். பத்திரம் பார்க்கிறவங்க எழுதிக் குடுத்தவர், எழுதி வாங்கினவர் பேரோட நிறுத்திடுவாங்க. பாகம் பிரிச்ச நிலம் அடுத்தடுத்துத்தான் கிடக்கும், அதனால மால்ல வர்ற பேரு பல சமயம் பங்காளி பேரா இருக்கும். அண்ணனும் தம்பியும் 1887-லயே அடுத்தடுத்து நஞ்சை வச்சிருந்தா, அது அவங்க அப்பா காலத்து நிலமா இருக்க நியாயம் உண்டு. உங்க குடும்பம் 1940-கள்ல வந்ததுங்கற பேச்சு இனி நிக்காது. நாஞ்சில் நாட்டுக் கதை ஆச்சி வழியிலயோ, வேற யார் வழியிலயோ வந்து ஒட்டியிருக்கலாம், அதையும் கேளு.

சிலோனுக்குப் போனவங்க வாரிசு திரும்பி வந்திருந்தா, இந்தியாவும் சிலோனும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்திருக்கலாம். அப்படி வந்தவங்களுக்கு மண்டபம் முகாம்ல குடும்ப அட்டை குடுத்தாங்க. அந்தக் குடும்பங்கள்ல பலருக்குச் சொந்த ஊர்ப் பேரு மட்டும் வாய்வழியா ஞாபகம் இருக்கும். கூட்டத்துல அவங்களும் வருவாங்க. உன் தாள்ல கேள்வியை மாத்தி எழுது.

களக்காட்டுப் பேத்தி:

மாத்திட்டேன். இப்போ தாள்ல இவ்வளவுதான் இருக்கு: "களக்காடு, நாங்குநேரி தாலுகா. 1887-ல அண்ணன் நிலத்துக்கு வடக்கே நஞ்சை வச்சிருந்த தம்பி. வடக்கு வீடு. சிலோனுக்குப் போன குடும்பம். இவங்க வாரிசு யாராவது இருக்காங்களா?" பேரைக் கூட்டத்துல நேர்ல சொல்றேன்.

நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு, கூட்டத்துக்கு நாலு நாள் முன்னாடியே. முதல்ல களக்காட்டுக்குப் போய் ஆச்சிகூட இருந்துட்டு அப்புறம்தான் பாளையங்கோட்டை. கோயில் கணக்கு எழுதினவங்க வீடு எதுன்னு கேட்டதுக்கு, "நீ வா, நான் கூட்டிட்டுப் போறேன்"னு ஆச்சி சொல்லியிருக்காங்க. நடக்க முடியாதே ஆச்சின்னேன். ஆட்டோ பிடிக்கச் சொன்னாங்க.

அண்ணாச்சி, உங்ககிட்ட பெரிய பூதக்கண்ணாடி இருந்தா கூட்டத்துக்கு எடுத்துட்டு வருவீங்களா? சாட்சிக் கையெழுத்துல ஒண்ணு இன்னும் பிடிபடல.

பழைய வருவாய்க்காரன்:

கொண்டு வாரேன் தாயி. பத்திரத்தோட பின்பக்கப் படத்தை இப்பவே இங்க போடு, டீச்சரும் பார்க்கட்டும்.